பச்சைச் சிப்பியை விழுங்காமல் ருசித்துச் சாப்பிடப் பழகுவது எப்படி?

மழைக்குருவி | நவம்பர் 24

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம். நான் கோப்பாயில் பிறந்து, ஏழு வயதிலிருந்து பாரிஸ் பக்கம் வளர்ந்தவள். கல்யாணம் முடித்து ரென் நகரத்துக்கு வந்து நான்கு வருஷமாகிறது. கணவரின் ஆட்கள் பிரெத்தாஞ் கடலோரத்தைச் சேர்ந்தவர்கள். நத்தார் இரவு அவர்கள் வீட்டில் முதலில் மேசைக்கு வருவது பச்சைச் சிப்பிதான். சமைக்காமல் உயிரோடு சாப்பிடுகிற சிப்பி, இங்கே உய்த்ர் என்று சொல்வார்களே, அதுதான். மாமா பின்னேரம் நான்கு மணிக்கே கராஜ் வாசலில் நின்று எட்டு டசினையும் தன் கையால் திறப்பார். யாரையும் உதவிக்கு விடமாட்டார்.

சாப்பிடும்போது எல்லோரும் அது எந்தக் கரையில் வளர்ந்தது என்பதைப் பற்றியே கதைப்பார்கள். இது கான்கால், இது நோர்மாந்தி, இந்த முறை இனிப்புக் கூட, போன வருஷம் உப்புக் கூட என்று. எனக்கு எல்லாம் ஒன்றுதான்: உப்பும் வழுவழுப்பும். தேசிக்காயைப் பிழிந்து, வினாகிரியை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஆறு சிப்பியை விழுங்கிவிடுவேன். போன வருஷம் என் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் புகை போட்ட சால்மன் ஒரு தட்டு இருந்தது. மாமாதான் வைத்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனதோடு செய்த வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கடல் சாப்பாட்டை ஒதுக்குகிற ஆள் இல்லை. நண்டு, கணவாய், இறால் எல்லாம் சாப்பிடுவேன். அம்மா கூழ் காய்ச்சினால் சட்டியில் ஒட்டியதையும் வழித்துவிடுவேன். இதை மட்டும் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வயதில் பழகலாமா? எந்தச் சிப்பியில் தொடங்குவது? இவர்கள் சொல்கிற வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறதா?

---

வெளிச்சவீடு | நவம்பர் 24

தங்கச்சி, வித்தியாசம் இருக்கிறது. பழகவும் முடியும். நான் பழகியது முப்பத்துமூன்றாவது வயதில். அதற்கு முதல் எத்தனை ஆயிரம் சிப்பி திறந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

நான் 1991இல் பாரிஸுக்கு வந்தேன். ஐந்து வருஷம் ஒரு பெரிய உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த உணவகத்துக்கு வெளியே, தெருவோரம், ஐஸ் பரப்பிய சிப்பித் தட்டி ஒன்று இருந்தது. 1996 டிசம்பரில் அங்கே நின்ற உதவியாள் கையை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக, என்னைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டார்கள். தட்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒலெரோன் தீவுக்காரக் கிழவர். இரண்டு மாரிகாலம் அவருக்குப் பக்கத்தில் நின்று திறந்தேன், ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. உயிரோடு இருப்பதை எப்படிச் சாப்பிடுவது என்ற அருவருப்பு உங்களை மாதிரித்தான் எனக்கும்.

ஒரு நாள் மழை, ஆட்கள் வரவில்லை. கிழவர் ஒன்றைத் திறந்து என் கையில் தந்தார். தேசிக்காயை எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். 'மெல்லு' என்றார். மென்றேன். என்ன ருசி என்று கேட்டார். உப்பு என்றேன். 'சரி, உப்புக்குப் பிறகு?' என்றார். உப்புக்குப் பிறகு என்ன என்று நான் கவனிக்கவேயில்லை. இன்னொன்று தந்தார். அன்றைக்கு ஏழு சாப்பிட்டேன். ஏழாவதில்தான் தெரிந்தது: உப்பு இறங்கின பிறகு ஒரு இனிப்பு வருகிறது, இளநீர் வழுக்கையின் கடைசியில் வருமே, அந்த மாதிரி மெல்லியது.

வழுக்கை என்று சும்மா சொல்லவில்லை. நுங்கையும் வழுக்கையையும் சப்பி வளர்ந்த நமக்கு வழுவழுப்பு புதிதில்லை. யாராவது நுங்கைக் கண்ணை மூடி விழுங்குவார்களா? சிப்பியை மட்டும் விழுங்க வேண்டும் என்று யாரோ சொல்லித் தந்துவிட்டார்கள். விழுங்கினால் நாக்குக்குக் கிடைப்பது தண்ணீரின் உப்பும் தொண்டையில் போகிற வழுக்கலும் மட்டும்தான். நான்கைந்து தரம் கடித்துப் பாருங்கள். ஓரத்தில் மடிப்பு மடிப்பாக இருப்பது கொஞ்சம் கறுமுறு என்று கடிபடும், கடல்வாசம் அங்கே இருக்கும். நடுவில் வயிற்றுப் பகுதி பால்போல மெத்தென்று இருக்கும், இனிப்பு அங்கேதான். ஓட்டோடு பிடித்திருக்கும் வெள்ளைத் தசை கணவாய்க் குருத்து மாதிரி. மென்றபின் வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். மிச்ச வாசம் அப்போதுதான் தெரியும்.

இனி வித்தியாசம் பற்றி. பிரான்ஸில் நீங்கள் காண்கிற குழிச் சிப்பி, அதாவது ஒரு பக்க ஓடு கிண்ணம் மாதிரிக் குழிந்தது, அனேகமாக எல்லாம் ஒரே சாதி, யப்பானில் இருந்து வந்தது. அதற்கு முதல் இங்கே இருந்தது போர்த்துக்கீசச் சிப்பி. 1868இல் புயலில் மாட்டின ஒரு கப்பல் தன் சிப்பிச் சரக்கை ஜிரோந்த் ஆற்று வாயில் கொட்ட, அது அங்கே பிழைத்துப் பரவிவிட்டது. ஒரு நூறு வருஷம் அதுதான் ஏழை எளியவர்களின் சிப்பி. 1970 தொடக்கம் 1973க்குள் ஒரு வைரஸ் நோயில் அவ்வளவும் செத்துப்போயின. அப்புறம் யப்பானில் இருந்து விமானத்தில் கொண்டுவந்து கடலில் விட்டுத்தான் தொழிலை மீட்டார்கள். கிழவரின் தகப்பன் அந்த நேரம் படகை விற்றாராம். அதைச் சொல்லும்போது கிழவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

சாதி ஒன்றென்றால் ருசி ஏன் மாற வேண்டும்? நம் ஊர்க் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே தேயிலையை நல்ல தண்ணீர்க் கிணற்றிலும் உவர்க் கிணற்றிலும் அள்ளிக் கொதிக்க வைத்தால் ஒரே தேநீரா வருகிறது? சிப்பி ஓர் இடத்தில் இருந்தபடி நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடித்துச் சாப்பிடுகிற பிராணி. அந்தத் தண்ணீரின் உப்பு, அதில் மிதக்கும் நுண்பாசி, எத்தனை மாதம் அங்கே கிடந்தது என்பதெல்லாம் சதையில் ஏறிவிடும்.

கான்கால் குடாவில் கடல் பதின்மூன்று பதினான்கு மீட்டர் ஏறி இறங்கும். அங்கே வளர்ந்தது உறுதியாக, முகத்தில் அலை அடித்த மாதிரி உப்பாக இருக்கும். தெற்கே த்தோ ஏரியில், பூஸிக் ஊர்ப் பக்கம், வற்றுப்பெருக்கே கிடையாது. அங்கே ஒவ்வொரு சிப்பியையும் சீமெந்தால் கயிற்றில் ஒட்டித் தொங்கவிடுகிறார்கள். அதுவும் நல்ல உப்பு. மாரென்-ஒலெரோனில் கடலில் வளர்ந்ததை எடுத்து, களிமண் நிலத்தில் வெட்டின ஆழமில்லாத குளங்களில் கொஞ்ச நாள் விடுகிறார்கள். அந்தக் குளத்தின் பெயர்தான் க்ளேர். ஃபீன் த க்ளேர் என்பது இந்தக் குளத்தில் சில வாரம் கிடந்தது. கடலின் முரட்டு உப்பு அடங்கி, மென்மையாக வரும். சில நேரம் செவுள் பச்சையாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு நீல நுண்பாசி விடுகிற சாயம் அது. அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியில் 'ஸ்பெஸியால்' என்று எழுதியிருந்தால் சதை கூட. முழுச் சிப்பியின் நிறையில் நூற்றுக்கு 10.5க்கு மேல் சதை இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். இலக்கம் எதிர்ப்பக்கமாக ஓடும்: 5 ஆகச் சின்னது, 0 ஆகப் பெரியது. வீடுகளில் அனேகமாக 3 வாங்குவார்கள், ஒன்று 66 தொடக்கம் 85 கிராம். உங்கள் மாமாவும் அதைத்தான் வாங்குவார் என்று நினைக்கிறேன். தொடங்குகிறவருக்கு அது பெரிது, வாயை நிறைத்துவிடும். நீங்கள் 4 அல்லது 5 வாங்குங்கள்.

ரென்னில்தானே இருக்கிறீர்கள், சனிக்கிழமை காலை லீஸ் சந்தைக்குப் போங்கள். நத்தாருக்கு முந்தின வாரம் வேண்டாம், அப்போது கடைக்காரருக்குக் கதைக்க நேரம் இருக்காது. டிசம்பர் முதல் சனிக்கிழமை போய், கான்கால் ஆறு, ஃபீன் த க்ளேர் ஆறு வாங்குங்கள். கணவரோடு மட்டும் சாப்பிடுங்கள். முதல் மூன்றிலும் ஒன்றும் போடாதீர்கள். ஒரு வாய் அது, ஒரு வாய் இது, இடையில் ரை மாவுப் பாணும் உப்புப் பட்டரும் ஒரு துண்டு. தனியாக ஒரு வகையைச் சாப்பிட்டால் உப்பு மட்டும்தான் தெரியும். இரண்டை அடுத்தடுத்து வைத்தால்தான் நாக்கு ஒப்பிடத் தொடங்கும். அன்றைக்கு மத்தியானம் உறைப்புக் கறி சாப்பிட வேண்டாம். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

தட்டைச் சிப்பி, பெலோன் என்று சொல்வது, அதற்கு இப்போது போகாதீர்கள். இந்தக் கடலின் சொந்தச் சாதி அதுதான். 1968இலும் 1979இலும் வந்த இரண்டு ஒட்டுண்ணி நோய்களுக்குப் பிறகு கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது, விலையும் கூட. நான் முதல்முதல் அதைச் சாப்பிட்டது கான்கால் துறைமுகத்தில், மகளோடு. வெளிச்சவீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கி, கடலைப் பார்த்துப் படியில் இருந்து சாப்பிட்டு, ஓட்டைக் கீழே கரையில் எறிவார்கள். அங்கே ஓடுகள் குவிந்து கிடக்கும். மகள் ஓடு எறிகிறதிலேயே சந்தோஷப்பட்டாள். எனக்கு வாயில் செப்புக்காசை வைத்த மாதிரி இருந்தது, பிடிக்கவேயில்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தச் செம்புக்குப் பின்னால் வறுத்த கச்சான் மாதிரி ஒரு ருசி இருப்பதைப் பிடித்தேன். இப்போது வருஷத்துக்கு ஒரு முறை, என் பிறந்தநாளுக்கு, ஆறு தட்டைச் சிப்பி வாங்குவேன். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

---

தாதிநிலா | நவம்பர் 25

அண்ணை சொன்னது எல்லாம் சரி. நான் லியோனில் தாதியாக வேலை செய்கிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பச்சைச் சிப்பி எல்லோருக்கும் ஏற்றதில்லை. தங்கச்சி, நீங்கள் கர்ப்பமாக இருந்தால், அல்லது அந்த எண்ணம் இருந்தால், இந்த வருஷம் விட்டுவிடுங்கள். ஈரல் நோய் உள்ளவர்கள், உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடவே கூடாது. நம் ஆட்களில் ஈரலில் கொழுப்பு என்று மருந்து எடுக்கிறவர்கள் கனக்கப் பேர், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

தேசிக்காய் பிழிந்தால் கிருமி செத்துவிடும், வைன் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்வதை நம்பாதீர்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் தருகிற நோரோ வைரஸுக்கு இரண்டும் பொருட்டே இல்லை. 2023 டிசம்பர் கடைசியில், கொண்டாட்ட நேரத்திலேயே, ஆர்கஷோன் குடாச் சிப்பி விற்பனையை நோரோ வைரஸால் அரசு நிறுத்தியது. பெட்டியில் சுகாதாரச் சீட்டு இருக்கும், பொதி செய்த தேதி அதில் இருக்கும். சீட்டில்லாத சிப்பியை எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள்.

---

சிட்னி மாமி | நவம்பர் 26

பிள்ளை, உன் கதையை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே முப்பது வருஷம். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, காரணம் பிறகுதான் விளங்கியது. இங்கே கடைகளில் சிப்பியைத் திறந்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, தட்டில் அடுக்கி விற்பார்கள். பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அதன் சொந்தத் தண்ணீர் போனபின் என்ன ருசி? தென்கரையில் மெரிம்புலாவில் ஒரு பண்ணைக்காரர் என் கண்முன்னே திறந்து, கழுவாமல் தந்தார். அன்றைக்குத்தான் நான் முதல் சிப்பி சாப்பிட்டதாகக் கணக்கு.

எங்கள் சிட்னிப் பாறைச் சிப்பி இந்த ஊர்ச் சொந்தச் சாதி. சின்னது. மூன்று வருஷத்துக்கு மேல் எடுத்து மெதுவாக வளரும். சாப்பிட்டுப் பத்து நிமிஷம் கழித்தும் வாயில் இருக்கும். பசிபிக் சிப்பி, உங்கள் பிரான்ஸில் வளர்க்கிற அதே யப்பான் சாதி, இங்கேயும் உண்டு. அது வெள்ளரிக்காய் மாதிரிக் குளிர்ச்சி, சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். என் மகனுக்கு அது, எனக்குப் பாறைச் சிப்பி. ஒவ்வொரு முறையும் இதில் எங்களுக்குள் வாக்குவாதம்.

---

மழைக்குருவி | டிசம்பர் 3

எல்லோருக்கும் நன்றி. தாதிநிலா அக்கா, அப்படி ஒன்றும் இல்லை, கேட்டதற்கு நன்றி. வெளிச்சவீடு அண்ணை, வரும் சனிக்கிழமை லீஸ் சந்தைக்குப் போகிறோம். இரண்டு சந்தேகம். வீட்டில் எப்படி வைப்பது, எப்படித் திறப்பது? கணவர் திறப்பேன் என்கிறார், ஆனால் மாமா அவரை ஒருநாளும் கத்தியைத் தொட விட்டதில்லை. மற்றது, கோடை காலத்தில் ஏன் சாப்பிடக் கூடாது என்கிறார்கள்?

---

வெளிச்சவீடு | டிசம்பர் 3

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், குழிப்பக்கம் கீழே, மேலே ஒரு பாரம். தண்ணீரில் போடாதீர்கள், நல்ல தண்ணீரில் செத்துவிடும். பண்ணையில் இவற்றைக் கடலில் இருந்து எடுத்தும் திரும்ப விட்டும் வாயை இறுக்கி மூடப் பழக்கித்தான் அனுப்புவார்கள், சந்தைக்குப் போகிற வழியில் தண்ணீரை விட்டுவிடாமல் இருக்க. பாரம் வைத்தால் அந்தப் பழக்கத்துக்கு நாமும் கொஞ்சம் உதவுகிறோம்.

திறக்க: தடித்த துவாயை இரண்டாக மடித்து இடக்கையில் சுற்றி, சிப்பியைக் குழிப்பக்கம் கீழாக, கூரான மூட்டுப் பக்கம் உங்களைப் பார்க்க வையுங்கள். மூட்டில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, வலப்பக்கத்தில் தசை இருக்கும். அங்கே கட்டைக் கத்தியின் நுனியை வைத்து, தள்ளாமல், ஆட்டி ஆட்டி விடுங்கள். உள்ளே போனதும் மேல் ஓட்டோடு ஒட்டி வழித்தால் தசை அறுந்து மூடி தானாகக் கிளம்பும். எனக்கு முதல் தட்டியில் நின்ற உதவியாள் கையை வெட்டிக்கொண்டது பலத்தைப் போட்டதால்தான். முதல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அது இன்னொரு தண்ணீர் விடும், அது தெளிவு, அதுதான் ருசி. திறந்ததும் மூக்கில் பிடியுங்கள். கடல்வாசம் வரவேண்டும். வேறு வாசம் வந்தால், ஓரத்தைக் கத்தியால் தொட்டும் சுருங்காவிட்டால், எறியுங்கள்.

கோடையில் அது முட்டை விடுகிற காலம். உடம்பு முழுக்கப் பால் மாதிரி இருக்கும், அது நஞ்சில்லை, ருசிதான் கெட்டுவிடும். இப்போது இனப்பெருக்கம் செய்யாத வகை ஒன்று வளர்க்கிறார்கள், அதனால் ஆடியிலும் பால் இல்லாமல் கிடைக்கிறது. நான் அதை வாங்குவதில்லை. குளிரும் மழையும் இல்லாமல் எனக்குச் சிப்பி இல்லை.

---

மழைக்குருவி | ஜனவரி 2

எழுதப் பிந்திவிட்டது. முதல் சனிக்கிழமை கான்காலில் எனக்கு உப்பு மட்டும்தான் தெரிந்தது. க்ளேரில் ஏதோ மாற்றம், ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது சனிக்கிழமை திரும்பவும் அதே இரண்டும் வாங்கினோம். அன்றைக்கு நான்காவதில் நின்று மென்றேன் அண்ணை. இனிப்பு வந்தது. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவர் தான் அப்படி ஒருநாளும் யோசித்ததே இல்லை என்றார்.

நத்தார் அன்று மாமா கராஜில் நிற்கும்போது நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் கேட்காமல் ஒன்றைத் திறந்து தந்தார். மென்றுவிட்டு, 'இது க்ளேர் இல்லை, உப்புக் கூட, ஆனால் பின்னால் பச்சைக் கச்சான் மாதிரி இருக்கிறது' என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நோர்மாந்தி, சாந்-வாஸ்த் என்றார். பிறகு உள்ளே போய் இன்னொரு கத்தியும் துவாயும் கொண்டுவந்தார். எட்டு டசினில் பதினொரு சிப்பி நான் திறந்தது. மூன்று ஓடு உடைந்துவிட்டது.

சால்மன் தட்டு இந்த முறையும் இருந்தது. அதையும் சாப்பிட்டேன். வரும் மாசி மாதம் மாமா ஆறு தட்டைச் சிப்பி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செப்புக்காசு ருசி வந்தால் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

---

வெளிச்சவீடு | ஜனவரி 2

மாமாவுக்கு முன்னால் முகத்தைச் சுளிக்க வேண்டாம், ஆனால் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஆறில் இரண்டு சாப்பிடுங்கள், மிச்சத்தை அவரிடம் கொடுங்கள். தேசிக்காய் வேண்டாம், தட்டைச் சிப்பிக்கு அது எதிரி. பட்டர் பூசின பாண் பக்கத்தில் இருக்கட்டும். மூட்டுப் பக்கமாகத்தான் அதைத் திறக்க வேண்டும், குழிச் சிப்பி மாதிரிப் பக்கத்தில் இல்லை. அதை உங்கள் மாமாவிடமே காட்டித் தரச் சொல்லுங்கள்.